கேமலாட்டும் ஆறு அரியரும்

எங்கள் விடுதியில் இணைய வசதி உண்டு என்று கல்லூரிக் கையேட்டில் அச்சிட்டிருந்தார்கள். இரவு 11 மணிக்கு அதை நிறுத்திவிடுவார்கள் என்பதை மட்டும் அச்சிடவில்லை. ஆனால் அறைக்கு அறை ஓடிய லேன் கம்பியை யாரும் நிறுத்தவில்லை. அப்படி ஒன்று இருப்பதே வார்டனுக்குத் தெரியாது. டிசி பிளஸ் பிளஸ் என்கிற மென்பொருளைத் திறந்தால், மூன்று மாடிக் கட்டடத்தில் எவன் கணினியில் என்ன பதுக்கி வைத்திருக்கிறான் என்று பார்த்துவிடலாம். வடிவேலு காமெடித் தொகுப்பு, சீனியர்கள் ஸ்கேன் செய்த பழைய வினாத்தாள், ‘எம்-3 நோட்ஸ்’ என்று பெயர் சூட்டிய கோப்புறைக்குள் எம்-3 என்கிற கணக்குப் பாடத்துக்குச் சம்பந்தமே இல்லாத சமாச்சாரங்கள். அந்தக் குவியலில் கிடைத்ததுதான் ‘மெர்லின்’. ஒரு பகுதி 350 எம்பி. திருட்டுப் பிரதிதான், சந்தேகமே வேண்டாம். விசுவாசம் என்றால் என்னவென்று எங்களுக்கு வகுப்பெடுத்த தொடர் எங்கள் கைக்கு வந்த வழி அது.

பிபிசி ஒன் தொலைக்காட்சியில் 2008 செப்டம்பர் 20 அன்று தொடங்கியது. சனிக்கிழமை மாலையில் பிரிட்டிஷ் குடும்பங்கள் சோபாவில் உட்கார்ந்து பார்ப்பதற்காக எடுத்தது. நாங்கள் கல்லூரியில் சேர்ந்ததும் அதே வருடம்தான். ஆர்தர் அரசனின் கதை. ஆனால் வழக்கமாக நீளத் தாடியோடு வரும் கிழவர் மெர்லின் இதில் மீசை அரும்பாத, காது விடைத்த பையன். நடித்தவர் கோலின் மோர்கன். ஆர்தரின் அப்பா ஊதர், தன் நாட்டில் மந்திரம் செய்தால் மரண தண்டனை என்று சட்டம் போட்டவர். மெர்லின் பிழைப்புத் தேடி கேமலாட்டுக்குள் நுழையும் முதல் காட்சியிலேயே அரண்மனை முற்றத்தில் ஒரு மந்திரவாதியின் தலையை வெட்டுகிறார்கள். இவனோ பிறவியிலேயே மந்திர சக்தி உள்ளவன். அவனுக்குக் கிடைக்கும் வேலை, அதே ராஜாவின் மகனுக்கு எடுபிடி. பகலில் ஆர்தரின் பூட்ஸைத் துடைக்க வேண்டும், இரவில் ஆர்தரின் உயிரைக் காக்க வேண்டும், காத்தது தெரிந்தால் தலை போகும். 65 பகுதிகளும் இதுதான்.

எங்கள் அறையில் இதே நிலைமையில் ஒருவன் இருந்தான். மந்திரம்தான் கிடையாது. அரியலூர்க்காரன். முதல் செமஸ்டரிலேயே கணக்கில் தவறி அரியர் விழுந்ததால் அவன் ஊர்ப்பெயரை ‘அரியர்லூர்’ என்று மாற்றிவிட்டார்கள். நான்கு வருடமும் அந்தப் பெயர்தான். அவன் அப்பா தொடக்கப்பள்ளித் தலைமை ஆசிரியர். ஊதர் பாத்திரத்தில் நடித்த ஆன்டனி ஹெட் கண்ணைச் சுருக்கி ஒரு பார்வை பார்ப்பார், அந்தப் பார்வை இவரிடமும் உண்டு. அவர் வீட்டில் ஃபெயில் என்ற வார்த்தைக்கு இடமில்லை. தன் தம்பி பத்தாம் வகுப்பில் தவறியதற்காக அவனோடு பல வருடம் பேசாமல் இருந்தவர் என்று இவன் சொல்லியிருக்கிறான். மூன்றாம் செமஸ்டர் முடிவில் இவன் கையில் ஆறு ‘யூ’ கிரேடு, அதாவது ஆறு பேப்பரில் ஃபெயில். வீட்டில் தெரிந்தால் படிப்பை நிறுத்தி ஊருக்குக் கூட்டிப்போய்விடுவார் என்று போர்வைக்குள் அழுதான். அப்போது எங்கள் கணினியில் ஓடிக்கொண்டிருந்தது முதல் பருவத்தின் ஐந்தாம் பகுதி.

அந்தப் பகுதியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். லான்ஸலாட் என்று ஒருவன் வருகிறான். காட்டில் ஒரு கிரிஃபின், அதாவது பாதி கழுகும் பாதி சிங்கமுமான விலங்கு, மெர்லினைக் கொல்ல வரும்போது காப்பாற்றுகிறான். அவனுக்கு ஆர்தரின் வீரர்படையில் சேர ஆசை. உயர்குடியில் பிறந்தவன்தான் சேரலாம் என்பது சட்டம். மெர்லின் என்ன செய்கிறான்? அரண்மனை நூலகத்துக்குப் போய், ஒரு பிரபுவின் மகன் என்று லான்ஸலாட்டுக்குப் போலிச் சான்றிதழ் தயார் செய்கிறான். அது போலி என்று கடைசியில் போட்டுக்கொடுப்பவர் நூலகர். அவர் பெயர் ஜெஃப்ரி ஆஃப் மான்மத். 12ஆம் நூற்றாண்டில் நிஜமாகவே அந்தப் பெயரில் ஒரு எழுத்தாளர் இருந்தார். ஆர்தரின் புகழை ஐரோப்பா முழுக்கக் கொண்டுபோன ‘பிரித்தானிய மன்னர்களின் வரலாறு’ அவர் எழுதியதுதான். அதில் பெரும்பகுதி கற்பனை என்பது வரலாற்று ஆசிரியர்களின் முடிவு. அப்பேர்ப்பட்டவரை உட்காரவைத்துச் சான்றிதழ் சரிபார்க்க விட்டிருக்கிறார்கள் பாருங்கள், திரைக்கதை எழுதியவர்களின் குசும்பு அது.

அதே பகுதியின் முடிவில் கிரிஃபினைக் கொல்லும்போது லான்ஸலாட்டின் ஈட்டிக்கு மெர்லின் மறைவிலிருந்து மந்திரம் ஏற்றுகிறான். லான்ஸலாட்டுக்கு அது கேட்டுவிடுகிறது. இவனை மறுபடி வீரனாக்க வேண்டும் என்று ஆர்தர் அப்பாவிடம் வாதாடுகிறான். தான் செய்யாத காரியத்துக்குத் தனக்குப் பெயர் வேண்டாம் என்று மெர்லினிடம் மட்டும் சொல்லி ஊரைவிட்டே போகிறான். அந்த உண்மைக் காரணத்தை வேறு யாரிடமும் சொல்வதில்லை. சொன்னால் மெர்லினின் தலை போகும்.

அந்தப் பகுதி முடிந்ததும் எங்கள் அறையில் போலிச் சான்றிதழ் யோசனை பிறந்தது. சான்றிதழ் அடிப்பதற்கெல்லாம் எங்களுக்குத் துணிச்சல் இல்லை. ஆனால் வகுப்பில் அரியலூரானின் பெயரிலேயே இன்னொருவன் இருந்தான். ராஜபாளையத்துக்காரன். பெயரும் ஒன்று, இனிஷியலும் ஒன்று, பதிவெண்ணில் கடைசி இலக்கம் மட்டும் வேறு. முதல் பெஞ்ச். எலக்ட்ரோமேக்னடிக் ஃபீல்ட்ஸ் பேப்பரில் ‘எஸ்’ கிரேடு வாங்கியவன் வகுப்பிலேயே அவன் ஒருவன்தான். அந்தக் காலத்தில் ரிசல்ட் பார்க்கப் பதிவெண்ணை மட்டும் அடித்தால் போதும். அப்பா தன் டைரியில் எழுதிவைத்திருந்த எண்ணில் கடைசி இலக்கம் தப்பு என்று அரியலூரான் போனில் சொல்லி, சரியான எண்ணைக் கொடுத்தான். ராஜபாளையத்தானின் எண்.

அப்பா அரியலூர் பஸ் ஸ்டாண்டு பக்கம் இருந்த பிரவுசிங் சென்டரில் பார்த்தார். எல்லாம் பாஸ். பெயர் சரி, இனிஷியல் சரி. பள்ளிக்கூடத்தில் ஆசிரியர்களுக்கெல்லாம் லட்டு கொடுத்திருக்கிறார்.

இதில் ராஜபாளையத்தானின் பாடுதான் பாவம். முதலில் முடியாது என்றான். பிறகு ‘மெர்லின்’ பார்த்தான். முதல் பருவத்தின் பத்தாம் பகுதியில் மெர்லினின் சொந்த ஊரான ஈல்டோருக்குக் கொள்ளையர்கள் வருகிறார்கள். வில் என்று அவனுக்கு ஒரு பால்ய நண்பன். மெர்லினின் ரகசியம் சின்ன வயதிலிருந்தே தெரிந்தவன். மெர்லின் சூறைக்காற்றை எழுப்பிக் கொள்ளையரை விரட்டுகிறான். இது யார் செய்த மந்திரம் என்று ஆர்தர் கேட்கும் நேரத்தில் ஆர்தருக்கு வந்த அம்பை வில் தன் நெஞ்சில் வாங்குகிறான். சாகும்போது, மந்திரம் செய்தது நான்தான் என்று சொல்லிவிட்டுச் சாகிறான். அந்தக் காட்சியில் ராஜபாளையத்தான் கண்ணைத் துடைத்ததை நான் பார்த்தேன். மறுநாள் சம்மதித்தான். வில் நண்பனுக்காகப் பழியை ஏற்றுக்கொண்டான். எங்கள் ஆள் நண்பனுக்குப் பெருமையைக் கடன் கொடுத்தான். எது கஷ்டம் என்று அப்போது யோசிக்கவில்லை.

ஐந்தாம் செமஸ்டரில் தேர்வு நேரத்தில் ராஜபாளையத்தானுக்கு டைபாய்டு. இரண்டு பேப்பரில் ‘டி’ கிரேடுக்கு இறங்கிவிட்டான். அரியலூரிலிருந்து போன் வந்தது.

“என்னடா, மார்க்கு இப்பிடி சறுக்கியிருக்கு? சேர்க்கை சரியில்லியா?”

“இல்லப்பா, ஒடம்பு சரியில்லாம போச்சு.”

“ஒடம்பைப் பாத்துக்க வேணாமா? ஒம் பக்கத்துல இருக்கிறவங்கள்ட்ட குடு போனை.”

போன் என் கைக்கு வந்தது. “தம்பி, நீங்கதான் கொஞ்சம் பாத்துக்கணும். ராத்திரி கண்ணு முழிக்க விடாதீங்க. நல்லா படிக்கிற பிள்ளை, கெட்டுறக் கூடாது.”

“சரிங்கப்பா” என்றேன். போனை வைத்துவிட்டு அரியலூரான் செய்த காரியம்தான் இன்னும் மறக்கவில்லை. நேராகக் கீழ்மாடிக்குப் போய், காய்ச்சலில் ரஸ்க் நனைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்த ராஜபாளையத்தானைப் பார்த்து, “ஏன்டா இப்பிடிப் பண்ணுன? எங்கப்பா எவ்ளோ வருத்தப்படுறாரு தெரியுமா?” என்று சத்தம் போட்டான்.

அந்த ரகசியம் தெரிந்தவர்கள் விங்கில் இருந்த எல்லோரும். மெஸ் அண்ணனுக்கும் தெரியும். தெரியக்கூடாது என்று நாங்கள் நினைத்திருந்தது ஒருவனுக்குத்தான்: வார்டனுக்கு ஒன்றுவிட்ட தம்பி மகன். கடைசி அறை. அவன் நடந்துபோனால் பேச்சை நிறுத்திவிட வேண்டும் என்பது அரியலூரான் போட்ட சட்டம். ‘மெர்லின்’ பார்க்க அவனைக் கூப்பிடக் கூடாது என்பதும் அவன் சட்டம்தான். ஞாயிற்றுக்கிழமை மதியம் சிக்கன் டோக்கனைத் தின்றுவிட்டு, புதுப் பகுதியைப் பத்துப் பேர் ஒரே 15 அங்குலத் திரையில் முட்டிமோதிப் பார்ப்போம். அவன் வராந்தாவில் துணி காயப்போட்டுக்கொண்டு இருப்பான். அவனுக்கும் எம்-3 அரியர் உண்டு. அரியர் தேர்வு ஹாலில் அரியலூரானுக்கு இரண்டு பெஞ்ச் தள்ளி உட்கார்ந்து எழுதியவன் அவன். ஆகவே எல்லாம் அவனுக்கு முதல் நாளிலிருந்தே தெரியும். வார்டன் காதுக்கு ஒரு வார்த்தை போகவில்லை.

இந்தத் தொடரை எங்கள் வயதுக்காரர்கள் ஏன் அப்படிப் பிடித்துக்கொண்டோம் என்று பிறகு யோசித்ததுண்டு. நமக்கு விசுவாசம் என்றால் செஞ்சோற்றுக் கடன். கர்ணன் தெரிந்தே தப்பான பக்கம் நின்றது, கும்பகர்ணன் அண்ணனைக் கண்டித்துவிட்டு அண்ணனுக்காகவே செத்தது. சோறு போட்டவனுக்கு உயிரைக் கொடுப்பது பெரிய விஷயம்தான். ஆனால் அதை ஊர் பார்க்கும், பாட்டுப் பாடும். வாயை மூடிக்கொண்டிருப்பதை யாரும் பார்க்க முடியாது. லான்ஸலாட்டின் விசுவாசம் அந்த இரண்டாவது ரகம். நான்காம் பருவத் தொடக்கத்தில் அவன் செத்துப்போகிறான். மெர்லின் போக வேண்டிய இடத்துக்கு அவனாகவே நடந்துபோகிறான். பிறகு தொடரின் வில்லி மோர்கனா சூழ்ச்சி செய்து அவனைப் போலவே ஒருவனை எழுப்பி அனுப்புகிறாள். முகம் அதே முகம், குரல் அதே குரல். வந்தவன் நிழல் என்று மெர்லின் எப்படிக் கண்டுபிடிக்கிறான் தெரியுமா? தன் மந்திரத்தைப் பற்றி ஜாடையாகப் பேசிப் பார்க்கிறான், அவனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. நண்பனின் ரகசியம் தெரியாதவன் லான்ஸலாட்டாக இருக்க முடியாது. அந்தத் தொடர் எழுதியவர்கள் யோசித்ததிலேயே உருப்படியான இடம் அது என்பேன். மற்றபடி ரப்பர் அசுரர்களும் கணினி டிராகனும் நிறைய உண்டு. கேமலாட் என்று காட்டும் கோட்டைகூட பிரான்ஸ் நாட்டின் பியர்ஃபோன் கோட்டைதான். இங்கிலாந்தின் பெரிய ராஜாவுக்கு வாடகை வீடு.

2012 மே மாதம் கல்லூரி முடிந்தது. அரியலூரான் ஆறில் ஐந்தை ஏழாம் செமஸ்டருக்குள் எழுதி முடித்திருந்தான். எம்-3 மட்டும் கடைசி வரை இழுத்து, கடைசி செமஸ்டரோடு கழன்றது. பிரிவுபசார நாளில் அப்பா வந்தார். எங்கள் எல்லோருக்கும் ஊரிலிருந்து முந்திரிப்பருப்பு கொண்டுவந்தார். ராஜபாளையத்தானிடம், “ஒங்க பேரும் எங்க பிள்ளை பேரும் ஒண்ணாமே தம்பி? நீங்களும் அவனை மாதிரி நல்லா வரணும்” என்று தலையில் கை வைத்து ஆசீர்வாதம் செய்தார். அவன் குனிந்து காலைத் தொட்டுக் கும்பிட்டான். நாங்கள் சிரிப்பை அடக்கச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

‘மெர்லின்’ அந்த வருடம் டிசம்பர் 24 அன்று முடிந்தது. அதற்குள் ஆளுக்கொரு ஊர். பத்துப் பேர் சேர்ந்து பார்க்கத் தொடங்கியதைக் கடைசியில் தனித்தனியாகப் பார்த்தோம். நான் பெங்களூரில் ஒரு பிஜி அறையில். தன் வீரர்களில் ஒருவனாக இருந்த மோர்ட்ரெட்டின் வாளால் குத்துப்பட்டு ஆர்தர் சாகக் கிடக்கிறான். அப்போதுதான் மெர்லின் தான் யார் என்று சொல்கிறான். ஆர்தர் நம்பவில்லை, தீச்சுடரில் டிராகன் உருவம் எழுப்பிக் காட்டிய பிறகு முகத்தைத் திருப்பிக்கொள்கிறான். இத்தனை வருடம் கூடவே இருந்தவன் பொய் சொல்லியிருக்கிறான் என்கிற கோபம். அது தணிந்து, சாவதற்குச் சற்று முன்னால், அதுவரை ஒருமுறைகூடச் சொல்லாத நன்றியைச் சொல்கிறான். ஐந்து பருவம் வேலை பார்த்ததற்கு மெர்லினுக்குக் கிடைத்த மொத்தச் சம்பளம் அந்த ஒரு நன்றி.

இது அந்தக் காலம். இனி இந்தக் காலத்துக்கு வருகிறேன்.

அரியலூரான் இப்போது சென்னையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் பெரிய பதவியில் இருக்கிறான். பழைய மகாபலிபுரம் சாலையில் அலுவலகம், கழுத்தில் கயிற்று அட்டை, பேச்சில் ‘ஜர்னி’ என்ற சொல். லிங்க்ட்இன்னில் வாரம் ஒரு பதிவு எழுதுவான். சென்ற வருடம் ஒரு காலையில் எங்கள் வாட்ஸ்அப் குழுவில் அவன் பதிவின் இணைப்பு வந்து விழுந்தது. தோல்வியை மறைக்காதீர்கள் என்பது சாரம். தனக்கு 11 அரியர் இருந்ததாக எழுதியிருந்தான். ஆறு எப்படிப் பதினொன்று ஆனது என்று குழுவில் கேட்டோம். ரவுண்டாக ஒரு அழுத்தம் வேண்டும் என்றான். பதினொன்று எந்தக் கணக்கில் ரவுண்டு? எம்-3 அரியர் வைத்தவனிடம் அதையெல்லாம் கேட்கக் கூடாது.

அதுகூடப் பரவாயில்லை. “அந்த இருட்டில் என்னோடு யாரும் இல்லை, நான் மட்டும்தான்” என்கிற பொருளில் ஒரு வரி எழுதியிருந்தான். கீழே ஆயிரக்கணக்கில் விருப்பக் குறிகள். யார் யாரோ அவன் நேர்மையைப் பாராட்டியிருந்தார்கள். வெளிப்படைத்தன்மை ஒரு தலைமைப் பண்பு என்று ஒரு மனிதவள அதிகாரி நான்கு பத்தி எழுதியிருந்தார். அரியலூரான் அவருக்குக் கைகூப்பும் பொம்மை போட்டிருந்தான்.

நாங்கள் கல்லூரி முடியும் வரை பொத்திப் பொத்திக் காத்த ரகசியம் அது. அதற்காகத் தலைமை ஆசிரியரிடம் கூசாமல் பொய் சொன்னோம், மெஸ் அண்ணனுக்குச் சத்தியம் வாங்கினோம், ஒருவன் தன் மதிப்பெண்ணையே வாடகைக்கு விட்டான், டைபாய்டில் படுத்து ஏச்சும் வாங்கினான். அன்றைக்கு ரகசியத்தைக் காப்பது நட்பு. இன்றைக்கு ரகசியத்தை அதன் சொந்தக்காரனே மேடையில் ஏற்றி, கைதட்டலையும் தானே வாங்கிக்கொள்கிறான். காவல் நின்றவர்கள் பெயர் ‘யாரும் இல்லை’. ராஜபாளையத்தான் அந்தப் பதிவில் கட்டைவிரல் குறி மட்டும் போட்டிருந்தான். ஐஐடியில் எம்டெக் முடித்துவிட்டு இப்போது ஒரு கல்லூரியில் எலக்ட்ரோமேக்னடிக் ஃபீல்ட்ஸ் பாடம் எடுக்கிறான். அவனுக்கு லிங்க்ட்இன்னில் மொத்தமே நாற்பத்துச் சொச்சம் தொடர்புகள்.

கோபத்தில் மறுபடி ‘மெர்லின்’ போட்டேன். இந்த முறை காசு கட்டி, சட்டப்படி. என் மகளும் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவளுக்கு டிராகன் மட்டும் பிடித்தது. எனக்கு இந்த முறை லான்ஸலாட் அவ்வளவு பெரிதாகத் தெரியவில்லை. எல்லோரும் நம்பியவன் நம்பிக்கையைக் காப்பாற்றினான், சரி. மோர்ட்ரெட் கதைதான் உறுத்தியது. முதல் பருவத்தில் சின்னப் பையனாக வந்து மெர்லினின் மந்திரத்தைத் தெரிந்துகொண்டவன் அவன். ஐந்தாம் பருவத்தில் வளர்ந்து ஆர்தரின் வீரனாகிறான். சொல்ல எத்தனையோ வாய்ப்பு. ஆர்தரிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆனால் இவனால்தான் ஆர்தருக்குச் சாவு என்று, மெர்லினுக்கு ஆலோசனை சொல்லும் டிராகன் சொல்லிவைத்திருப்பதால் மெர்லின் அவனைக் கடைசி வரை சந்தேகத்தோடே பார்க்கிறான். அவன் காதலித்த பெண்ணுக்கு மரண தண்டனை நிறைவேறிய பிறகுதான் உடைந்துபோய் மோர்கனாவிடம் போய் ரகசியத்தைச் சொல்கிறான். மோர்கனா கதையும் இதேதான். இரண்டாம் பருவத்தில் தனக்கும் மந்திரம் வருகிறது என்று தெரிந்து அவள் பயந்து நடுங்குகிறாள். மெர்லின் ‘எனக்கும்தான்’ என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லக் கூடாது என்று அரண்மனை வைத்தியர் கையஸும் டிராகனும் தடுத்துவிடுகிறார்கள். அதே பருவம் முடிவதற்குள் மெர்லின் கையாலேயே அவளுக்கு நஞ்சு கொடுக்க வேண்டிவருகிறது. ஆர்தர் செத்தது ரகசியம் வெளியே போனதால் அல்ல. யாரிடம் சொல்ல வேண்டும் என்று தேர்ந்தெடுத்த விதத்தால். இருபது வயதில் இதைச் சொல்லியிருந்தால் எங்கள் விங்கில் என்னை அடித்திருப்பார்கள்.

குவேனையும் மறந்துவிடக் கூடாது. குடிகாரன், சிரித்த முகம், தொடரில் எனக்குப் பிடித்த வீரன். கடைசிப் பகுதியில் மோர்கனா பாம்பை விட்டுச் சித்திரவதை செய்கிறாள், வலி தாங்காமல் ஆர்தர் போகும் இடத்தைச் சொல்லிவிடுகிறான். தோற்றுவிட்டேன் என்று பெர்சிவலின் மடியில் சாகிறான். வலியில் வாய் திறந்தவன் அவன். நம் ஆளுக்கு அப்படி ஒரு வலியும் இல்லை. செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணிக்குப் போட்டால் நிறையப் பேர் பார்ப்பார்கள் என்பதற்காகச் சொன்னான்.

இந்தத் தை மாதம் அரியலூரில் அவன் புதுமனை புகுவிழா. பத்துப் பேரும் போனோம். வார்டனின் சொந்தக்காரனான அந்தக் கடைசி அறைக்காரனும் வந்திருந்தான். அவனை அழைத்தது ராஜபாளையத்தான்தான். போவதற்கு முதல் நாள் குழுவில் அரியலூரானிடமிருந்து ஒரு செய்தி: “டேய், எங்கப்பா முன்னாடி அந்த போஸ்ட் பத்தி வாயத் தொறந்துடாதீங்க. அவருக்கு இன்னும் தெரியாது.”

படித்துவிட்டு வெகுநேரம் சிரித்தேன். ஆயிரக்கணக்கானோர் படித்துக் கைதட்டிய ரகசியம். முன்பின் தெரியாத மனிதவள அதிகாரிக்கு அது தெரியும். யாரிடமிருந்து மறைக்க வேண்டுமோ அவருக்கு மட்டும் இன்றைக்கும் தெரியாது, காவல் வேலையும் இன்னும் எங்களுக்குத்தான்.

பந்தியில் அப்பா ஒவ்வொரு இலையாக வந்து விசாரித்தார். ஓய்வு பெற்றுவிட்டார், தலை முழுக்க வெள்ளை, ஆனால் அந்தப் பார்வை அப்படியே இருக்கிறது. ராஜபாளையத்தானின் இலைக்கு முன்னால் நின்று, “நீங்க காலேஜுல பாடம் எடுக்கிறீங்களாமே தம்பி? என்ன பாடம்?” என்றார்.

“ஃபீல்ட்ஸ், அப்பா.”

“அடடே! அதுல எங்க பையன் எஸ் கிரேடு. அந்த பிரவுசிங் சென்டர்ல பிரிண்ட் எடுத்தது இன்னும் பீரோல இருக்கு. சந்தேகம் வந்தா அவனக் கேளுங்க, கூச்சப்படாதீங்க.”

“கேக்குறேம்ப்பா” என்றான். ரசத்தைப் பிசைந்துகொண்டிருந்த கையில் ஒரு நடுக்கமும் இல்லை.

அப்பா அதோடு விடவில்லை. “அந்த பிரிண்ட்ட எடுத்தாந்து காட்டட்டுமா? ரெண்டு பேரு பேரும் ஒண்ணுங்கிறதுனால பதிவெண்ணுகூடப் பக்கத்துப் பக்கத்துலதான் இருந்திருக்கும், இல்ல?” என்று வீட்டுப் பக்கம் திரும்பினார். அரியலூரான் பாயச வாளியோடு அப்படியே நின்றுவிட்டான். எங்களுக்கும் ஒன்றும் ஓடவில்லை. எழுந்தது கடைசி அறைக்காரன். கைகூடக் கழுவாமல் அவர் பக்கத்தில் போய், “ஐயா, எனக்கு எம்-3 சொல்லிக்குடுத்ததே உங்க பையன்தான். அவன் இல்லேன்னா நான் பாஸாகியிருக்க மாட்டேன்” என்றான். அப்பாவுக்கு முகமெல்லாம் பூரிப்பு. பிரிண்டை மறந்துவிட்டு, எந்த ஊர், எத்தனை பிள்ளைகள் என்று கேட்டுக்கொண்டே அவனைக் கைபிடித்துக் கூட்டிக்கொண்டு கை கழுவும் இடம் வரைக்கும் போனார்.

அன்றிரவு ரயிலில் அரியலூரானின் புதுப் பதிவு வந்துவிட்டது. ‘என் முதல் வழிகாட்டி என் அப்பா’ என்று தலைப்பு. இரண்டு பேரும் புது வீட்டு வாசலில் நிற்கும் படம். பதினொரு அரியரின் போதும் தன்னைக் கைவிடாத அப்பா என்று எழுதியிருக்கிறான்.

அப்பாவுக்கு லிங்க்ட்இன்னில் கணக்கு கிடையாது.